இன்னொரு வருடம் கல்லூரியிலா, இப்போதே என்எஃப்எல்லா? நட்சத்திர வீரன் முன்னால் இருக்கும் மூன்று வழிகள்

2011 ஜனவரி 3 இரவு, மயாமியில் நடந்த ஆரஞ்ச் பௌல் என்ற கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வர்ஜீனியா டெக்கை 40–12 என்று வீழ்த்தியது. ஸ்டான்ஃபோர்டின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆண்ட்ரூ லக் அன்று நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) பாஸ் எறிந்தார். தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்வு ட்ராஃப்ட். அந்த ஆண்டு அதில் முதல் வீரரை எடுக்கும் உரிமை கரோலினா பேந்தர்ஸிடம் இருந்தது. லக்கைத்தான் எடுப்பார்கள் என்று ஊரே பேசியது. மூன்றே நாளில் லக்கின் முடிவு வெளியானது: ஸ்டான்ஃபோர்டிலேயே இருக்கப் போகிறார், கட்டடக்கலை வடிவமைப்பில் பட்டத்தை முடிக்க வேண்டுமாம்.

கைக்கு எட்டிய கோடிகளை ஒரு படிப்புக்காகத் தள்ளிவைப்பதா என்று பலர் அடித்துக்கொண்டார்கள். அதே வாக்குவாதம் ஒவ்வொரு ஜனவரியிலும் திரும்ப வருகிறது, பெயர் மட்டும்தான் மாறுகிறது. இந்த ஆட்டத்தைப் பின்தொடரும் நம் வாசகர்களும் அதையே கேட்கிறார்கள்: கல்லூரியில் நட்சத்திரமாகிவிட்ட ஒருவன் உடனே என்எஃப்எல்லுக்குப் போவது நல்லதா, இருந்து ஆடுவது நல்லதா? இப்போது இதில் மூன்றாவது வழி ஒன்றும் சேர்ந்துவிட்டது. கல்லூரியிலேயே இருப்பது, ஆனால் வேறு கல்லூரிக்கு மாறிவிடுவது.

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாமல் என்எஃப்எல் ட்ராஃப்டில் நுழைய முடியாது. ஒஹாயோ ஸ்டேட்டின் மொரீஸ் கிளாரெட் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர். ஆகவே முதல் இரண்டு வருடம் எவ்வளவு ஜொலித்தாலும் இந்தக் கேள்வி எழாது. மூன்றாம் வருட முடிவில்தான் கதவு திறக்கும்.

## எதை வைத்து எடை போடுவது

டிவியில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் பார்ப்பார்கள்: ட்ராஃப்டில் எத்தனையாவது இடம் கிடைக்கும் என்று. அது முக்கியம்தான். ஆனால் நான் முதலில் பார்ப்பது உடம்பை. அமெரிக்கன் ஃபுட்பாலில் ஒவ்வொரு உடம்புக்கும் தாங்கக்கூடிய அடி இவ்வளவுதான் என்று ஒரு கணக்கு உண்டு. வீரர்கள் சங்கம் பல காலமாகச் சொல்லிவரும் சராசரி என்எஃப்எல் ஆயுள் மூன்றரை ஆண்டுகூட இல்லை. பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக்குகளுக்கு அதைவிடவும் குறைவு. கல்லூரியில் வாங்கும் அடியும் இதே கணக்கில்தான் கழியும்.

இரண்டாவது, பணத்தின் கடிகாரம். 2011-இல் லீகும் வீரர்கள் சங்கமும் போட்ட புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கு முன் முதல் இடத்தில் வருபவருக்கு அள்ளிக் கொடுத்தார்கள். 2010-இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர், அதில் 5 கோடி உறுதி. அடுத்த ஆண்டே முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. இன்றும் அந்த முறைதான். ஒவ்வொரு இடத்துக்கும் தொகை ஏறக்குறைய முன்பே எழுதப்பட்டிருக்கும், மூன்று சீசன் முடியும்வரை அதைத் திருத்தவும் முடியாது. அதனால் உண்மையான பணம் இரண்டாவது ஒப்பந்தத்தில் இருக்கிறது. கல்லூரியில் ஒரு வருடம் கூடுதலாக இருந்தால் அந்த இரண்டாவது ஒப்பந்தமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். இருப்பதற்கு ஆகும் மறைமுகச் செலவு இதுதான். முதல் காசோலையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

மூன்றாவது, கற்றுக்கொள்ள இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்பது. குவார்ட்டர்பேக்குக்கு இது பெரிய கேள்வி. எதிரணித் தற்காப்பின் அமைப்பைப் படிப்பது, பந்து கைக்கு வருவதற்குள் திட்டத்தை மாற்றுவது எல்லாம் ஆடி ஆடித்தான் வரும். ரன்னிங் பேக்குக்கு நான்காம் வருடம் புதிதாகக் கற்றுத்தருவது அவ்வளவு இல்லை.

நான்காவது, பட்டமும் இடமும். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள் லக்கின் கதையைக் கடைசிவரை படித்துவிட்டுச் சொல்லட்டும்.

## முதல் வழி: இப்போதே போவது

இதற்கு பேரி சாண்டர்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒக்லஹோமா ஸ்டேட்டில் முதல் இரண்டு ஆண்டுகள் தர்மன் தாமஸ் என்ற இன்னொரு பெரிய ரன்னிங் பேக்கின் பின்னால் காத்திருந்தார். மூன்றாவது ஆண்டு, 1988-இல், இடம் கிடைத்தது. 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடினார். ஓடியே 37 டச்டவுன். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார். அப்போது மூன்றாம் ஆண்டு மாணவர்களை என்எஃப்எல் சாதாரணமாகச் சேர்த்துக்கொள்ளாது. ஒக்லஹோமா ஸ்டேட் அணி விதிமீறல் தண்டனையில் சிக்கியிருந்ததால் அவருக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

1989-இல் டெட்ராய்ட் லயன்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. பத்து சீசன், 15,269 யார்டு, அதில் 1997-இல் மட்டும் 2,053. டச்டவுன் அடித்தால் ஆடுவதும் கிடையாது, பந்தைத் தரையில் அறைவதும் கிடையாது. பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடப்பார். 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில், சொந்த ஊர்ப் பத்திரிகையான விச்சிட்டா ஈகிளுக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பி ஓய்வு பெற்றார். அதிக யார்டு ஓடிய வால்டர் பேட்டனின் சாதனைக்கு 1,457 யார்டுதான் பாக்கி. வயது 31.

அவர் நான்காம் வருடம் கல்லூரியில் ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோப்பை ஏற்கெனவே கையில். அணிக்கோ சீசன் முடிவில் வரும் பௌல் ஆட்டம் ஆடத் தடை. இன்னும் முந்நூறு தடவை மோதி விழுந்திருப்பார், ஒரு காசுகூட வந்திருக்காது. போனதுதான் சரி.

இதற்கு நேர் எதிரான வேதனை மார்கஸ் லாட்டிமோருடையது. சவுத் கரோலினாவில் முதல் வருடத்திலேயே 1,197 யார்டு, 17 டச்டவுன். 2011-இல் இடது முழங்கால் போனது. திரும்பி வந்தார். 2012 அக்டோபர் 27 அன்று டென்னசிக்கு எதிராக வலது முழங்கால் கழன்று தசைநார்கள் கிழிந்தன. அன்று எதிரணி வீரர்களும் மைதானத்துக்குள் இறங்கி அவரைச் சுற்றி நின்றதை மறக்க முடியாது. மூன்று ஆண்டு விதி இருந்ததால் அதற்கு முன் அவரால் போயிருக்கவே முடியாது. சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் நான்காம் சுற்றில் எடுத்தது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014-இல் ஓய்வு. ரன்னிங் பேக் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தப் பெயரைத்தான்.

போவதிலும் மறைமுகச் செலவு உண்டு. 2025-இல் டெக்சஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் கல்லூரியில் ஆட இன்னும் ஒரு வருடம் மிச்சம் இருந்தும் ட்ராஃப்டுக்குப் போனார். ஏழாம் சுற்று வரை காத்திருந்து 231-ஆவதாக மயாமிக்குப் போனார். வேறு கல்லூரிக்கு மாறியிருந்தால் பல மில்லியன் டாலர் தர ஆள் இருந்ததாகச் செய்திகள் வந்தன. ஏழாம் சுற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது வரும் சிறு தொகையைத் தவிர வேறெதற்கும் உத்தரவாதம் இருக்காது. அணியில் இடம் கிடைக்காவிட்டால் மீதிப் பணமும் இல்லை.

அதனால்தான் என்எஃப்எல்லே ஒரு ஆலோசனைக் குழு வைத்திருக்கிறது. கேட்கிற மாணவனுக்கு முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இல்லையென்றால் கல்லூரியிலேயே இரு என்று மூன்றில் ஒரு பதிலைத்தான் சொல்வார்கள். அந்தப் பதிலை ஏஜென்ட் பேச்சுக்கு மேலே வைக்க வேண்டும்.

## இரண்டாம் வழி: அதே கல்லூரியில் இன்னொரு வருடம்

இருந்து தோற்றவர் என்றால் எல்லோரும் மேட் லைனார்ட்டைச் சொல்வார்கள். யூஎஸ்சி பல்கலைக்கழகத்தின் குவார்ட்டர்பேக்காக ஆடி 2004-இல் தேசிய சாம்பியன், ஹைஸ்மன் கோப்பை, 2005 ட்ராஃப்டில் முதலிடம் கிடைக்கும் என்ற பேச்சு. அவரோ திரும்பி வந்தார். பட்டத்துக்கு ஒரு பாடம்தான் பாக்கி. அந்தப் பருவத்தில் பால்ரூம் நடன வகுப்பு மட்டும் எடுத்தார். அணி தோல்வியே காணாமல் ரோஸ் பௌல் வரை போய் 2006 ஜனவரி 4 அன்று டெக்சஸிடம் 41–38 என்று தோற்றது. ட்ராஃப்டில் அரிசோனா பத்தாவதாக எடுத்தது. அங்கே முதல் குவார்ட்டர்பேக் இடம் பிறகு கர்ட் வார்னரிடம் போய்விட்டது.

ஆனால் இதை வைத்து "இருந்ததால் கெட்டார்" என்று முடிவுகட்டுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு வருடம் முன்னால் போயிருந்தால் கூடுதலாகப் பணம் வந்திருக்கும், அது நிச்சயம். ஆனால் என்எஃப்எல்லில் அவருக்கு நேர்ந்தது நடன வகுப்பால் நேர்ந்ததில்லை.

குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் இருந்த வருடமும் அப்படித்தான். மூன்றே ஆண்டில் டென்னசியில் பட்டம் முடித்துவிட்டார். 1997-இல் முதல் இடம் நியூயார்க் ஜெட்ஸ் கையில் இருந்தது. எல்லோரும் பையைக் கட்டிவிட்டார் என்று நினைத்தபோது இருக்கப்போவதாகச் சொன்னார். அந்த வருடம் அவர் ஆசைப்பட்ட எல்லாம் கிடைக்கவில்லை. ஃப்ளோரிடாவை அவரால் கடைசிவரை வெல்ல முடியவில்லை. ஹைஸ்மன் மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சனுக்குப் போனது. ஆனால் டென்னசி ஆடும் எஸ்இசி என்ற கல்லூரி லீகின் பட்டத்தை ஆபர்னிடமிருந்து 30–29 என்று பறித்தார், 1998-இல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸின் முதல் தேர்வானார். முதல் சீசனில் 28 இன்டர்செப்ஷன் (எதிரணி கையில் போன பாஸ்), அணி 3–13, அதாவது 3 வெற்றி, 13 தோல்வி. நான்கு வருடம் கல்லூரியில் ஆடித் தேறியவருக்கே இந்த நிலை என்றால், மூன்றாம் வருடத்தில் அவசரமாகப் போகும் பையனுக்கு எவ்வளவு அடி விழும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த சீசன் அதே அணி 13–3. பிறகு ஐந்து முறை எம்விபி (லீகின் சிறந்த வீரர்), இரண்டு சூப்பர் பௌல் பட்டம்.

காயம்? அதுவும் நடக்கத்தான் செய்யும். சாம் பிராட்ஃபோர்டு 2008 ஹைஸ்மனோடு ஒக்லஹோமாவில் தங்கினார். 2009-இன் முதல் ஆட்டத்திலேயே பந்தெறியும் தோள் அடிபட்டது, அக்டோபரில் டெக்சஸுக்கு எதிராக மறுபடியும். அறுவை சிகிச்சை. அப்படியும் முதலிடம் போனது அவர் திறமைக்குக் கிடைத்த மரியாதை, பழைய சம்பள முறையின் கடைசி ஆண்டு என்பது அதிர்ஷ்டம். அடுத்தவனுக்கு இந்த இரண்டும் சேர்ந்து அமையும் என்று நம்பிக் காலை வைக்கக்கூடாது. இழப்பீட்டுக் காப்பீடு எடுக்கலாம், ஆனால் அதன் பிரீமியமும் சின்னத் தொகை இல்லை.

சரி, லக்குக்கு வருவோம். கரோலினா நியூட்டனை எடுத்துக்கொண்டது. லக் இருந்த வருடம் ஸ்டான்ஃபோர்டு 11–2. 37 டச்டவுன் பாஸ். ஹைஸ்மனில் மறுபடியும் இரண்டாமிடம். பட்டம் முடிந்தது. இதற்கிடையில் மேனிங்குக்குக் கழுத்தில் அறுவை சிகிச்சை, 2011 முழுக்க ஆடவில்லை. கோல்ட்ஸ் 2–14 என்று விழுந்து முதல் தேர்வைப் பெற்றது, மேனிங்கை விடுவித்தது, லக்கை எடுத்தது. கல்லூரியில் ஒரு வருடம் தங்கிய ஒருவரின் இடத்துக்கு, அதேபோல் தங்கிய இன்னொருவர். லக்கின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடி, நியூட்டனுக்குக் கிடைத்த அதே அளவு. ஆக, தங்கியதால் முதல் காசோலையில் அவருக்குக் குறையே இல்லை.

களத்தில் அவரை அருகில் காட்டும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தன்னைத் தரையில் சாய்த்த எதிரணி வீரரிடமே "நல்ல அடி" என்று பாராட்டிவிட்டு எழுவார். அப்படி எழும் தருணங்கள் மிக அதிகமாகிவிட்டன. தோள், சிறுநீரகத்தில் கிழிசல், விலா எலும்பில் காயம். 2017 முழுக்க வெளியே. 2018-இல் திரும்பி வந்து 39 டச்டவுன் எறிந்தார். பிறகு கெண்டைக்கால், கணுக்கால். 2019 ஆகஸ்ட் 24 அன்று, பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே செய்தி கசிந்தது. சொந்த மைதானத்தில், சொந்த ரசிகர்களே கூச்சல் போட, தலை குனிந்து உள்ளே நடந்தார். 29 வயதில் ஓய்வு. அந்தக் கூச்சல் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் எங்கே போனார்? ஸ்டான்ஃபோர்டுக்குத்தான். கல்வியியலில் முதுகலை படித்தார். 2024 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணிக்கே பொது மேலாளரானார். 2011-இல் அவர் வீணடித்ததாகப் பலர் சொன்ன அந்த ஒரு வருடம் எந்த வாசலைத் திறந்து வைத்திருந்தது என்று இப்போது பார்க்கலாம்.

## மூன்றாம் வழி: வேறு கல்லூரிக்கு மாறுவது

முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டும். இப்போது அப்படி இல்லை. 2021 ஜூலை முதல் தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவர்கள் சம்பாதிக்கலாம். 2025-இல் ஏற்கப்பட்ட நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2 கோடி டாலர். "கல்லூரியில் இருந்தால் காசில்லை" என்ற பழைய வாதம் இதோடு செத்துவிட்டது.

ஜோ பரோ ஒஹாயோ ஸ்டேட்டில் மூன்று ஆண்டில் மொத்தமே 39 பாஸ்தான் எறிந்தார். பட்டத்தை முடித்துக்கொண்டு 2018-இல் லூயிசியானாவின் எல்எஸ்யூவுக்குப் போனார். முதல் வருடம் 16 டச்டவுன். யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2019-இல் 60 டச்டவுன், 15–0, தேசிய சாம்பியன், ஹைஸ்மன். சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்துக்கு வரும்போது சட்டையின் முதுகில் தன் பெயரை லூயிசியானாவின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஊர் அது. மைதானமே எழுந்து நின்றது. 2020-இல் முதல் தேர்வு, 2023-இல் ஐந்து ஆண்டுக்கு 27.5 கோடி டாலர் ஒப்பந்தம்.

கேம் வார்டின் கதை இன்னும் பொருத்தம். 2024 தொடக்கத்தில் ட்ராஃப்டுக்குப் போவதாக அறிவித்துவிட்டு, அதைத் திரும்பப் பெற்று, வாஷிங்டன் ஸ்டேட்டிலிருந்து மயாமி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025-இல் டென்னசி டைட்டன்ஸின் முதல் தேர்வு.

மறுபக்கம் குவார்ட்டர்பேக் டிஜே உயங்கலேலே. கிளெம்சன், ஒரிகன் ஸ்டேட், பிறகு ஃப்ளோரிடா ஸ்டேட். 2023-இல் 13–1 என்று இருந்த அணி அவர் போன 2024-இல் 2–10. கை காயத்தோடு சீசன் முடிந்தது, ட்ராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. புதிய பயிற்சியாளர், புதிய திட்டப் புத்தகம், குவார்ட்டர்பேக்கைக் காக்கிற, யாரென்றே தெரியாத முன்வரிசை: மாறுகிறவன் கட்டும் விலை இதுதான். சம்பளம் அதிகம் தருகிற கல்லூரியில் பந்தெறிய நேரம் தருகிற வரிசை இருக்கும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள்.

## ஒரே பார்வையில்

| | இப்போதே போவது | அதே கல்லூரி | வேறு கல்லூரி |
|---|---|---|---|
| உடம்பு | அடிக்குச் சம்பளம் உண்டு | ஒரு சீசன் அடி கழியும் | அதேதான், பழகாத வரிசையின் பின்னால் |
| ட்ராஃப்ட் இடம் | இன்றைய மதிப்பு | கூடலாம், குறையலாம் | ஏற்ற இறக்கம் மிக அதிகம் |
| இரண்டாவது ஒப்பந்தம் | சீக்கிரம் | ஒரு வருடம் தாமதம் | ஒரு வருடம் தாமதம் |
| கற்பது | அடிபட்டுக் கற்பது | தெரிந்த திட்டத்தில் ஆழம் | புதிய திட்டம், புதிய குரு |
| பட்டம் | பெரும்பாலும் பாதியில் | முடியும் | முடித்துவிட்டு மாறினால் நல்லது |

## யாருக்கு எது

ரன்னிங் பேக் என்றால், முதல் இரண்டு சுற்றில் இடம் இருக்கிறது என்று குழு சொன்னால் அன்றே போகட்டும். இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. இன்றைய கல்லூரிப் பணம் பெரிது என்றாலும், கழியும் கால்களை அது வாங்கித்தராது. தற்காப்பில் எதிரணிக் குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிறவர்களுக்கும் முதல் சுற்று உறுதி என்றால் இதே பதில்.

குவார்ட்டர்பேக், முதல் ஐந்துக்குள் உறுதி, இரண்டு வருடமாவது முழுசாக ஆடியிருக்கிறான் என்றால் போகலாம். ஆனால் அவனுக்குப் பட்டம் பாக்கி, கல்லூரியை மனதார நேசிக்கிறான், பயிற்சியாளரும் இருக்கிறார் என்றால் இருப்பதைப் பைத்தியக்காரத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இன்றைய சம்பள முறையில் முதல் ஒப்பந்தம் அடுத்த வருடமும் அங்கேயேதான் இருக்கும். லக்கின் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா அந்த ஜனவரியிலேயே 49அர்ஸுக்குப் போய்விட்டார், இருந்தும் லக் தங்கினார். எல்லோருக்கும் அந்த நிதானம் இருக்காது.

கடினமான இடம் நடுவில் இருப்பவனுடையது: ஒரு வருடம்தான் முழுசாக ஆடியிருக்கிறான், குழு "கல்லூரியிலேயே இரு" என்று சொல்லிவிட்டது. இவன் போகவே கூடாது. இருக்கிற அணியில் அவனைக் காக்கிற முன்வரிசையில் மூன்று பேராவது திரும்பி வருகிறார்கள், திட்டத்தை வகுக்கிற பயிற்சியாளரும் மாறவில்லை என்றால் அங்கேயே இருக்கட்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் மாறலாம். மாறும் முன் அந்தக் கல்லூரியின் போன வருட ஆட்டங்கள் நான்கையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையில் பந்து வந்தபின் அவர்களுடைய குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை விநாடி கிடைத்தது என்று எண்ண வேண்டும். தொகை எவ்வளவு என்ற பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.